அவர் சேர்த்துவைத்த லீவு நாள்கள்

என் வீட்டுக்காரர் மலேசியப் போலீஸ் படையில் சார்ஜன். 2022 அக்டோபர் 17, தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம். இரவு டியூட்டி முடித்து வந்தவர், யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் சுடுதண்ணி குடு" என்றார். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது 44. மூத்தவன் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதவேண்டிய ஆண்டு, அடுத்தவள் ஃபோர்ம் டூ, கடைக்குட்டி இன்னும் தமிழ்ப்பள்ளியில் சேரவில்லை. நான் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஓப்பரேட்டர். பட்டர்வொர்த் பக்கம் போலீஸ் குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தோம். அடுத்த ஒன்பது மாதம் நான் அலைந்த அலைச்சலை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போலீஸ்காரரைக் கட்டிக்கொண்ட நம் பெண்கள் யாராவது ஒருத்தி இதைப் படித்து, இன்று ராத்திரியே புருஷனிடம் நாலு கேள்வி கேட்டால் எனக்குப் போதும்.

முதல் போன் பதினோராம் நாள் வந்தது. அவருடைய அலுவலகத்திலிருந்து. ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார்கள். 'காட் குவாசா'வை, அதாவது போலீஸ் அடையாள அதிகார அட்டையை, ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி முன்பே ஆயுத அறையில் இருந்தது, அந்தக் கவலை இல்லை. அட்டையைக் காணவில்லை. பர்ஸில் இல்லை, மோட்டார் சீட்டுக்கு அடியில் இல்லை, சட்டைப் பைகளில் இல்லை. இரண்டு நாள் தேடினேன். கடைசியில் சாமி மேடையின் கீழ் டிராயரில், விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. காலையில் வேலைக்குப் போகும் முன் சாமி முன்னால் வைத்து எடுத்துப் போவது அவர் பழக்கம். வந்ததும் அங்கேயே வைத்துவிடுவார். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த எனக்கு அது தெரியாது. அட்டையின் மேல் விபூதி ஒட்டியிருந்தது. துடைக்க மனசு வரவில்லை. அப்படியே ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்ததற்கு ஒரு கையெழுத்துத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அண்ணன் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பிறகு யூனிஃபார்ம் சாமான்கள் கணக்கு வந்தபோது அந்த ஒரு தாள்தான் காப்பாற்றியது. எதைக் கொடுத்தாலும், எந்தக் கவுண்டரில் கொடுத்தாலும், தேதி முத்திரையோடு ஒரு நகல் கையில் இருக்க வேண்டும். நான் முதலில் கற்றுக்கொண்டது இது.

அரசாங்க ஊழியர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் ஈமச்செலவு உதவியாக 3,000 வெள்ளி உண்டு. அது சீக்கிரமே வந்தது. படை நண்பர்கள் கவர் கொடுத்தார்கள், போலீஸ் குடும்பச் சங்கமான பெர்க்கெப் பெண்கள் அரிசியும் சாமானும் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அதற்கெல்லாம் நன்றி. சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தவர்களில் ஒருவர், நல்ல வேட்டி சட்டை, கனிவான பேச்சு. முன்பு அரசாங்க வேலையில் இருந்தவராம். "தங்கச்சி, பென்ஷன் ஃபைல் மேலே போய்ச் சேர ரெண்டு வருஷம் ஆகும். எனக்கு உள்ளே ஆள் தெரியும். மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். 1,800 வெள்ளி கேட்டார். கவரில் வந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு முறை போன் எடுத்தார், அப்புறம் எடுக்கவே இல்லை. துக்க வீட்டுப் பணம் அது. அந்த அவமானத்தில் ஒரு மாதம் நான் எந்த அலுவலகத்துக்கும் போகாமல் கிடந்தேன். 1,800 வெள்ளியைவிட அந்த ஒரு மாதம்தான் பெரிய நஷ்டம். தெரிந்துகொள்ளுங்கள்: வாரிசு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க ஒரு காசு கட்டணம் கிடையாது. கணவர் வேலை செய்த அலுவலகமே பாரங்களைத் தயாரித்து மேலே அனுப்ப வேண்டும். நடுவில் யாருக்கும் இடமில்லை.

அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு நான் நேராகப் போய் உட்கார்ந்தது அவருடைய அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண் கார்ப்பரல், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவள் மட்டும் இல்லையென்றால் நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். கணினியைத் திருப்பி எனக்கே காட்டினாள். எச்.ஆர்.எம்.ஐ.எஸ். என்று அரசாங்க ஊழியர் எல்லாருக்கும் பொதுவான பதிவு முறை. அதில்தான் ஒருவருடைய பெயர், குடும்பம், கல்வி, பதவி, சொத்து அறிவிப்பு எல்லாம் இருக்கும். அவருடைய பதிவுப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டே பிள்ளைகள். கடைக்குட்டி இல்லவே இல்லை. "காக் (அக்கா), இந்தப் பிள்ளை யாரோடது?" என்று அவள் கேட்டது குத்தலாக அல்ல, பாரத்தை நிரப்பத்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருக்க அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவர் மேல் கோபம் வந்தது. செத்துப்போன மனுஷன் மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது. பிள்ளை பிறந்ததும் பெயர்ப் பதிவுக்கு ஓடியவர், அந்தப் பிறப்புப் பத்திரத்தின் ஒரு நகலை அலுவலகத்தில் கொடுத்துப் பதிவில் ஏற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது எங்கள் கல்யாணப் பத்திரம். நாங்கள் 2004இல் கோயிலில் தாலி கட்டி, அன்றைக்கே கோயில் மண்டபத்தில் பதிவும் செய்துகொண்டோம். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்தைப் பதிவு செய்வது இந்த நாட்டில் கட்டாயம். இன்னும் 'கோயில்ல கட்டினது போதும்' என்று இருக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு. அரசாங்க வேலைக்காரர் வீட்டில் அப்படி இருந்தால் விதவைக்கு வாசலே திறக்காது. எங்களுக்குப் பதிவு இருந்தது, எழுத்துதான் உதைத்தது. என் மாமனார் பெயரில் ரூமி (ஆங்கில) எழுத்து ஒன்று கல்யாணப் பத்திரத்தில் விடுபட்டிருந்தது. அடையாள அட்டையான ஐசியில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி. நம் பெயர்களை அந்தக் காலத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி எழுதியதன் பலனை மூன்றாம் தலைமுறை வரை அனுபவிக்கிறோம். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவைதான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினேன். அதற்குச் செலவு சொற்பம். ஆனால் அது தேவை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு வாரம் ஆனது. உங்கள் வீட்டில் ஐசி, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசை மேல் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆள் உயிரோடு இருக்கும்போது திருத்துவது லேசு.

இதற்கு நடுவில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஃபைல் புத்ராஜெயாவுக்குப் போய்விட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, பினாங்கு சென்ட்ரலில் இரவு பஸ் ஏறி, தாசிக் செலாத்தானில் இறங்கி, ரயில் பிடித்து, ஓய்வூதியங்களைக் கவனிக்கும் பொதுச் சேவைத் துறையில் போய் நின்றேன். மடியில் ஃபைல், பையில் வீட்டில் கட்டிய இட்லி. கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகத் தேடிவிட்டு, "உங்கள் கணவர் பெயரில் இன்னும் எதுவும் இங்கே வரவில்லை" என்றார். இரண்டு நாள் சம்பளம், போக வரச் செலவு 160 வெள்ளி. திரும்பி வரும் பஸ்ஸில் தஞ்சோங் மாலிம் தாண்டும் வரைக்கும் அழுதேன். ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது, அனுப்பிய கடிதத்தின் எண் என்ன, தேதி என்ன, இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அந்த எண்ணைச் சொல்லிப் போன் செய்தால் பாதி வேலை வீட்டிலிருந்தே முடிகிறது.

எவ்வளவு வரும் என்பதையாவது யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கணக்கு ரொம்ப எளிது, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அவர் சேவை 268 மாதம். மாத ஓய்வூதியத்துக்கு அந்த மாதங்களை 600ஆல் வகுத்துக் கடைசி அடிப்படைச் சம்பளத்தால் பெருக்க வேண்டும்; 360 மாதத்துக்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் கணக்கு 360தான். பணிக்கொடைக்கு மாதங்களை ஏழரை விழுக்காட்டாலும் சம்பளத்தாலும் பெருக்க வேண்டும். அவருடைய அடிப்படை 3,400. ஆக மாதம் ஏறக்குறைய 1,500, பணிக்கொடை 68,000 சொச்சம். நான் வீட்டுச் செலவுக்கு அவர் கையில் வாங்கிய தொகையை வைத்து மனக்கணக்குப் போட்டிருந்தேன். அதில் வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் உண்டு, வேறு சில அலவன்ஸும் உண்டு. ஓய்வூதியக் கணக்கில் வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் சேராது. உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டை எடுத்து, அடிப்படைச் சம்பளம் என்ற ஒரு வரியை மட்டும் பாருங்கள். குடும்பம் நாளைக்கு நிற்கப்போவது அந்த எண்ணின் மேல்தான்.

சம்பளச் சீட்டில் பிடித்தங்களையும் பாருங்கள். அரசாங்க ஊழியருக்கு மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதி. அவருக்குத் தாண்டவில்லை, ஆனால் நெருங்கியிருந்தது. நான்கு பிடித்தங்களில் ஒன்று எனக்குத் தெரியவே தெரியாது. அவருடைய தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய கடன். நல்லவேளை அதற்குக் காப்புறுதி இருந்தது. இறந்ததும் கடன் அடைந்துபோனது. மற்றொரு கடனுக்கு இல்லை.

பழைய காப்புறுதிப் பாலிசி ஒன்று, 30,000 வெள்ளி. போலீஸில் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. வாரிசாக அம்மா பெயரைப் போட்டிருந்தார். மனைவியோ பிள்ளையோ இல்லாத காலத்தில் பெற்றோரை நியமித்தால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. கல்யாணம் ஆனதும் அது தானாக மனைவிக்கு மாறாது. நான் மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை தங்கமானவர். பணம் கைக்கு வந்த அன்று, "பேரப்புள்ளைங்களுக்கும்மா" என்று பாதியை என் கையில் திணித்தார். கொழுந்தன் முகம் மாறியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியில் எனக்கு முன்போல வரவேற்பு இல்லை. யார் தப்பும் இல்லை. 22 வயதில் ஒரு பையன் அன்போடு எழுதிய ஒரு வரியை 44 வயது வரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அதுதான் தப்பு. அதேபோல வங்கியில் அவர் பெயரில் மட்டும் இருந்த 14,200 வெள்ளி. உயில் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனத்தின் மூலம் அதை எடுக்க நான்கு மாதம். வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்றையாவது இருவர் பெயரில் வைத்திருந்தால் அந்த நான்கு மாதம் நான் வளையலைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போயிருக்க மாட்டேன். மாதம் இரண்டு விழுக்காடு வட்டி. ஒரு ஜோடி வளையல் திரும்பி வரவேயில்லை.

குவார்ட்டர்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். காலி செய்யத்தான் வேண்டும், அது சரி; அடுத்த போலீஸ்காரர் குடும்பம் காத்திருக்கிறது. ஆனால் கெடு நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. கார்ப்பரல் பெண்தான் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். மகனுக்கு எஸ்.பி.எம். என்று எழுதினோம். தேர்வு முடியும் வரை விட்டார்கள். வெளியே வாடகை வீடு 750. முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சார வைப்பு எல்லாம் சேர்த்து 2,600க்கு மேல். கேட்டால் கிடைக்கும் உதவிகள் சில இருக்கின்றன. கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும், கெடு முடியும் முன் கேட்க வேண்டும்.

இனி நான் இந்தத் தலைப்பை எதற்கு வைத்தேன் என்பதைச் சொல்கிறேன். எடுத்துக்கொள்ள முடியாமல்போன ஆண்டு லீவைச் சேர்த்துவைத்து, ஓய்வு பெறும்போது பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஜி.சி.ஆர். என்பார்கள். கடைசிச் சம்பளத்தோடு நிலையான அலவன்ஸும் சேர்த்து 30ஆல் வகுத்தால் வருவது ஒரு நாள் கணக்கு. வேலையில் இருக்கும்போதே இறந்தால் அது குடும்பத்துக்கு. அவர் எப்போதும் சொல்வார், "எனக்கு லீவே குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு அழுவாத. எல்லாம் சேருது. 140 நாள் இருக்கு. ரிட்டயர் ஆனதும் அந்தக் காசுல பழனிக்குப் போறோம்." நானும் நம்பியிருந்தேன். பதிவில் இருந்தது 61 நாள்.

79 நாள் எங்கே? பினாங்குக்கு மாறி வருவதற்கு முன் அவர் வேறொரு மாநிலத்தில் 2007 முதல் 2013 வரை ஏழு ஆண்டு வேலை செய்தார். சேவைத் தேவைக்காக இவர் லீவு எடுக்க முடியவில்லை என்று ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் மேலதிகாரி கையெழுத்துப் போட்டு, சேவைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றியிருந்தால்தான் அது சேர்ந்த லீவு. அந்த ஏழு ஆண்டும் ஏறவில்லை. விண்ணப்பம் கொடுத்தாரா, கொடுத்தது தொலைந்ததா, கொடுக்கவே மறந்தாரா, யாருக்கும் தெரியவில்லை. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்தவரைத் தேடிப் பிடித்தேன். ஓய்வு பெற்று ஈப்போவில் இருந்தார். நல்ல மனிதர், தமிழர். "அம்மா, அவன் தீபாவளிக்குக்கூட வீட்டுக்குப் போகாம நின்ன ஆளும்மா, எனக்குத் தெரியும். ஆனா அந்த வருஷம் போட வேண்டிய கையெழுத்த நான் இப்போ போட முடியாதும்மா" என்றார். அவர் குரல் உடைந்தது. ஒரு நாளுக்கு ஏறக்குறைய 125 வெள்ளி. 79 நாளுக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. போனது போனதுதான்.

பணத்தை விடுங்கள். அவருடைய பழைய பொருள்களைக் கட்டும்போது சின்னச் சின்ன நாட்குறிப்புகள் கிடைத்தன, சட்டைப் பையில் வைக்கிற அளவு. தமிழில்தான் எழுதுவார், பென்சிலில். 2007 தீபாவளி: 'டியூட்டி. ரோட் பிளாக்.' 2009: 'டியூட்டி. பையன் போன்ல அப்பான்னான்.' 2011: 'டியூட்டி. லீவு கேட்டேன், ஆள் இல்லை.' ஏழு தீபாவளி, ஏழிலும் முதல் சொல் டியூட்டிதான். பினாங்குக்கு வந்த பிறகும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நிற்பார். நானும் பிள்ளைகளும் பால்குடத்தோடு அவரைத் தாண்டிப் போவோம், எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அந்த நாள்களெல்லாம் எங்கும் பதிவில் இல்லை என்பதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2004இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது ஜைடின் அப்துல்லா தலைமையில் போலீஸ் படையைச் சீர்திருத்த ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். 2005இல் அறிக்கை வந்தது, 125 பரிந்துரைகள். மனிதவள நிர்வாகத்துக்கு உயிரூட்டுவதும், கீழ்நிலைப் போலீஸ்காரர்களின் குடியிருப்பையும் வேலையிடத்தையும் மேம்படுத்துவதும் அதில் உண்டு. ஆனால் நாடே பேசியது புகார்களை விசாரிக்கும் சுயேச்சை ஆணையத்தைப் பற்றி மட்டும்தான். அந்தப் பேச்சு நியாயமானது; தடுப்புக் காவலில் பிள்ளையை இழந்த தாய்மார்கள் நம் இனத்திலும் இருக்கிறார்கள், அவர்கள் கேள்விக்குப் பதில் வேண்டும். 2011இல் அமலாக்கத் துறைகள் பலவற்றுக்கும் பொதுவாக ஓர் ஆணையம் வந்தது. 2022இல் போலீஸுக்கென்று தனிச் சட்டம் போட்டு, 2023 ஜூலை 1ஆம் தேதி ஐ.பி.சி.சி. என்ற தனி ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செய்தி டிவியில் ஓடிய அதே மாதம்தான் என் முதல் ஓய்வூதியம் வங்கியில் ஏறியது.

போலீஸ் பத்திரிகையில் வந்தால் குற்றம் செய்தவராக வருகிறார், அல்லது வீரராக வருகிறார். ஓர் ஊழியராக வருவதில்லை. ஆள் பற்றாக்குறையால் லீவு இல்லை, கொடுக்காத லீவும் கணக்கில் இல்லை, குழந்தை பதிவில் இல்லை, இத்தனையையும் தோளில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிநேரம் நிற்கிற மனிதர் நம் வீட்டு வாசலுக்குப் புகார் எழுத வரும்போது எப்படிப் பேசுவார்? நடத்தையைக் கண்காணிக்கிற ஆணையம் வேண்டும். அதோடு ஒவ்வொரு நிலையத்திலும் சேவைப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுகிற கிராணியும் வேண்டும். படை ஆள்களை எழுத்து வேலையிலிருந்து விடுவித்து, அந்த வேலைக்குப் பொது ஊழியர்களை வைக்க வேண்டும் என்ற பேச்சு நீண்ட காலமாகவே இருக்கிறது. அது எவ்வளவு அவசியம் என்பதை அந்தக் கார்ப்பரல் பெண்ணின் மேசையில் நான் கண்ணால் பார்த்தேன். அவளும் பயிற்சி பெற்ற போலீஸ்தான். நாற்பது ஐம்பது ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே பாதுகாப்பு டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.

நம் சமூகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போலீஸில் நம் பிள்ளைகள் ரொம்பக் குறைவு, சேர வேண்டும் என்று மேடை மேடையாகச் சொல்கிறோம். சேர வேண்டியதுதான். 1807 மார்ச் 25ஆம் தேதி பினாங்கில் வந்த நீதிச் சாசனத்திலிருந்துதான் இந்தப் படையே தன் பிறப்பைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு மார்ச் 25க்கும் பெல்ட்டுக்குப் பாலிஷ் போட்டபடி, "நம்ம ஊர்ல பொறந்த படை" என்று பிள்ளைகளிடம் சொல்வார். அந்தப் பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் பையன் பயிற்சி முடித்து வருகிற அன்று மாலை போட்டுப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவனுக்கு வாரிசுப் பாரத்தை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கல்யாணம் ஆனதும் அந்தப் பெண்ணை உட்காரவைத்துச் சேவைப் புத்தகம் என்றால் என்ன என்று யார் சொல்கிறார்கள்? கோயில் குழுவிலும் இயக்கங்களிலும் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் போதும்.

நஷ்டக் கணக்கை ஒரு நாள் எழுதிக் கூட்டினேன். ஏமாந்த 1,800. சம்பளம் இல்லாமல் எடுத்த லீவு 31 நாள். அடகு வட்டி, போன வளையல், பஸ், நகல், முத்திரை. லீவுப் பணம் பத்தாயிரம். எல்லாம் சேர்த்து பதினாறாயிரத்தைத் தாண்டியது. இதில் முக்கால்வாசி, அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து ஃபைலைப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. எங்களுக்கு அப்படி ஒரு சனிக்கிழமை வாய்க்கவில்லை.

இப்போது என்னிடம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. பிறப்பு, கல்யாணம், இறப்பு, வங்கி, காப்புறுதி, கடைசிச் சம்பளச் சீட்டு, அனுப்பிய கடிதங்களின் நகல் எல்லாம் அதில். 21 வயது வரை, படித்துக்கொண்டிருந்தால் முதல் பட்டம் முடியும் வரை பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு என்பதால் மகனுடைய கல்லூரிக் கடிதத்தையும் அதில் வைத்திருக்கிறேன். கேட்டு வருகிற பெண்களுக்கு அதையே மாதிரியாகக் காட்டுகிறேன். போன மாதம், எங்கள் பழைய குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் லான்ஸ் கார்ப்பரல். ஃபைலை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். லீவுப் பதிவு வந்ததும் நிறுத்தி, "அக்கா, இவருக்குப் போன வருஷம் 12 நாள் எடுக்கவே முடியல. அதுக்கு யாராவது கையெழுத்துப் போட்டாங்களான்னு நான் கேட்டதே இல்லையே" என்றாள். இப்போதே கேள் என்றேன். அங்கேயே உட்கார்ந்து போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. டியூட்டியில் இருந்தார்.